கேம்பஸ் எமர்ஜென்சி அலர்ட் எனக்கு மட்டும் வரல, எங்க தப்புன்னு கண்டுபிடிக்க உதவி பண்ணுங்க

முதுகலை_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்க கெமிஸ்ட்ரி பிளாக்ல கேஸ் லீக் ஆச்சு. பக்கத்து பில்டிங்ல இருந்தவங்களுக்கு "வெளிய வராதீங்க, ஜன்னலை மூடுங்க, ஏசியை ஆஃப் பண்ணுங்க"ன்னு மெசேஜ் போயிருக்கு. நான் மூணாவது மாடில தனியா ஹெட்போன் மாட்டிட்டு படிச்சிட்டு இருந்தேன், ஒண்ணுமே தெரியாம கீழ இறங்கி நேரா அந்த பிளாக் பக்கமே நடந்து போயிட்டேன், செக்யூரிட்டி அண்ணா தூரத்துலேர்ந்து கத்தி நிறுத்தலன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது. சிக்னல் ஃபுல்லா இருந்துச்சு, டேட்டாவும் ஆன்ல தான். அதே நெட்வொர்க் வச்சிருக்கற தோழிக்கு உடனே வந்துச்சு. யூனிவர்சிட்டி ஆப்பும் போட்டிருக்கேன், ஆண்ட்ராய்டு போன். எதையெல்லாம் செக் பண்ணணும்?

நெட்வொர்க்_தம்பி:
அக்கா, முதல்ல அது எந்த வகை அலர்ட்னு பாக்கணும். செல் பிராட்காஸ்ட்னு ஒண்ணு இருக்கு, டவர் ரேஞ்சுல இருக்கற எல்லா போனுக்கும் ஒரே நேரத்துல போகும், உங்க நம்பரே அதுக்கு தேவையில்ல, பெரிய சைரன் சத்தத்தோட ஸ்கிரீன் முழுக்க வரும். அதை பெரும்பாலும் அரசாங்கம் தான் அனுப்பும். எஸ்எம்எஸ் அப்படி இல்ல, லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியா போகும், ஆயிரக்கணக்குல ஒரேடியா அனுப்பினா க்யூல நின்னு லேட்டாவும் வரும். உங்க தோழி போன்ல எப்படி வந்துச்சு?

முதுகலை_மாணவி:
சாதாரண எஸ்எம்எஸ் தான் தம்பி. ஆப் நோட்டிஃபிகேஷன் மறுநாள் காலைல நான் ஆப்பை திறந்தப்போ தான் வந்துச்சு.

நெட்வொர்க்_தம்பி:
அப்போ ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாடு போட்டிருக்கும். ரொம்ப நாள் திறக்காத ஆப்பை போன் தூங்க வச்சிடும். ஆப் இன்ஃபோல பேட்டரிய "கட்டுப்பாடு இல்லாம"ன்னு மாத்துங்க. டூ நாட் டிஸ்டர்ப் போடற பழக்கம் இருந்தா அதுல இந்த ஆப்பையும் மெசேஜ் ஆப்பையும் விதிவிலக்கா சேத்துடுங்க. ஆனா எஸ்எம்எஸ் ஏன் வரலங்கறதுக்கு இது பதில் இல்ல.

கன்ட்ரோல்_ரூம்_அண்ணன்:
நான் வேற ஒரு கேம்பஸ்ல அலர்ட் அனுப்பற வேலைல இருக்கேன். போனை விடும்மா, ஸ்டூடண்ட் போர்ட்டல்ல உன் பேருக்கு நேரா யாரோட நம்பர் இருக்குன்னு பாரு. அட்மிஷன் அப்போ குடுத்த நம்பரை தான் சிஸ்டம் எடுக்கும், அன்னிக்கு பாதி பேர் வீட்டு நம்பரை குடுத்துட்டு அதோட மறந்துடறாங்க. எங்க பக்கம் ஸ்கிரீன்ல "டெலிவர்ட்"னு தான் காட்டும், அது யார் கைல டெலிவர் ஆச்சுன்னு எங்களுக்கு தெரியாது.

முதுகலை_மாணவி:
அண்ணா இப்போ தான் பாத்தேன். அப்பா நம்பர்! அன்னிக்கு சாயங்காலம் அப்பா வேலை முடிஞ்சு மெசேஜை பாத்துட்டு பதறிப்போய் கூப்பிட்டாரு, அது ஏன் அவருக்கு போச்சுன்னு நான் யோசிக்கவே இல்ல.

சத்தமில்லா_உலகம்:
எனக்கு காது கேக்காது. சைரன் அடிச்சாலும் ஸ்பீக்கர்ல அறிவிச்சாலும் எனக்கு இல்லாத மாதிரி தான், ஃபயர் அலாரத்தோட மின்னற லைட்டும் இந்த எஸ்எம்எஸ்ஸும் தான் துணை. அதனால நம்பர் சரியா இருக்கான்னு ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்துலயும் பாத்துடுவேன். ரூம்மேட் கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், ஏதாவது நடந்தா என்னை தட்டி எழுப்பணும்னு. ஹெட்போன் போட்டு படிக்கறவங்களும் அந்த நேரத்துல என்ன மாதிரி தான், பக்கத்துல யாராவது ஒருத்தர் கிட்ட சொல்லி வைங்க.

கன்ட்ரோல்_ரூம்_அண்ணன்:
இவங்க சொல்றது ரொம்ப முக்கியம். ஒரே வழிய நம்பி இருக்கவே கூடாது. அமெரிக்கால வர்ஜீனியா டெக் யூனிவர்சிட்டில 2007 ஏப்ரல் 16 அன்னிக்கு காலை 7.15 வாக்குல ஹாஸ்டல்ல முதல் துப்பாக்கிச்சூடு, எல்லாருக்கும் முதல் மெயில் போனது 9.26க்கு, அதுக்குள்ள நிறைய பேர் கிளாஸுக்கு போயிட்டாங்க, கொஞ்ச நேரத்துல இன்னொரு பில்டிங்ல ரெண்டாவது தாக்குதல் ஆரம்பிச்சிடுச்சு. சுட்டவன் மொத்தம் 32 பேரை கொன்னுட்டான். அதுக்கப்புறம் 2008ல அங்க சட்டத்தையே திருத்தினாங்க, ஆபத்து உறுதியானா உடனே அறிவிக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிஸ்டத்தை டெஸ்ட் பண்ணணும்னு.

இன்னொண்ணு, மெசேஜ் வந்தா போதும்னு நினைக்காதீங்க, அதுல என்ன சொல்லியிருக்குன்னு முழுசா படிங்க. தீன்னா லிஃப்டை தொடாம படி வழியா வெளிய போகணும், கதவை திறக்கறதுக்கு முன்னாடி புறங்கையால தொட்டு சூடு பாக்கணும், புகைன்னா குனிஞ்சு தவழ்ந்து போகணும். வெளிய விஷவாயுன்னா நேர் எதிர், உள்ள இருந்து அடைச்சுக்கணும். ரெண்டையும் மாத்தி செஞ்சா உயிருக்கே ஆபத்து.

முதுகலை_மாணவி:
போர்ட்டல்ல என் நம்பரை போட்டுட்டேன், அப்பாவோடதை ரெண்டாவது நம்பரா வச்சிட்டேன். ஆப் பேட்டரியும் மாத்தியாச்சு. சரியா வேலை செய்யுதான்னு எப்படி உறுதி பண்றது?

கன்ட்ரோல்_ரூம்_அண்ணன்:
உங்க பாதுகாப்பு ஆபீஸ்ல போய் உன் நம்பருக்கு மட்டும் ஒரு டெஸ்ட் அனுப்ப சொல்லு, பெரும்பாலும் முடியும்னு தான் சொல்லுவாங்க. போகும்போது டூ நாட் டிஸ்டர்ப் ஆன்லயே வச்சுக்கோ.

முதுகலை_மாணவி:
போயிட்டு வந்தேன் அண்ணா. எஸ்எம்எஸ் உடனே வந்துடுச்சு, ஆப்பும் அடிச்சுது, டூ நாட் டிஸ்டர்ப்லயே. என் கிளாஸ் குரூப்ல எல்லாரையும் நம்பர் பாக்க சொன்னேன், இதுவரைக்கும் 6 பேருக்கு வீட்டு நம்பர் தான் இருக்கு.