நிச்சயமின்மை: ஒரு சொல் போதாது

வணக்கம்.

செயற்கை நுண்ணறிவுக் கலைச்சொற்களில் அன்சேர்ட்டன்ட்டிக்கு ‘நிச்சயமின்மை’ சரி. ஆனால் அதன் இரு வகைகளான அலியடோரிக் (தரவிலேயே உள்ள தற்செயல்), எபிஸ்டெமிக் (அறியாமையால் வருவது) இரண்டுக்கும் அதையே போட்டால் பொறியியலாளர் தடுமாறுவார், ஏனென்றால் இரண்டுக்கும் பரிகாரம் வேறு.

கையெழுத்தில் ‘ர’வும் காலும் (‘ா’) ஒரே உருவம். தனி எழுத்தாக வெட்டிக் கொடுத்தால், எழுத்தை அடையாளம் காணும் மாதிரியுரு (மொடல்) இரண்டுக்கும் நிகழ்தகவு 0.5, 0.5 என்றுதான் சொல்லும். எந்திரப்பி (என்ட்ரபி, நிச்சயமின்மையின் அளவு) சரியாக 1 பிட். இன்னும் இலட்சம் படங்கள் சேர்த்தாலும் குறையாது. இது அலியடோரிக். அதே மாதிரியுருவுக்குச் சிங்கள எழுத்தான ‘கயன்ன’வைக் (ක) காட்டினால், தெரிந்த தமிழ் எழுத்துகளுக்குள்ளேயே கூட்டுத்தொகை 1 வரப் பங்கிட வேண்டியிருப்பதால், ஏதோ ஓர் எழுத்துக்கு 0.97 தந்துவிடக்கூடும். இது எபிஸ்டெமிக், தரவு சேர்த்தால் தீரும் குறை.

பிரித்தறியும் வழி: வெவ்வேறு தொடக்க எண்களுடன் 5 மாதிரியுருக்களைப் பயிற்றுங்கள். ஐந்தும் ஒருமித்து 0.5 என்றால் முதல் வகை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்தை அடித்துச் சொன்னால் இரண்டாம் வகை. சராசரி நிகழ்தகவின் எந்திரப்பியிலிருந்து தனித்தனி எந்திரப்பிகளின் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது அந்த இரண்டாவதன் அளவு. (ஐந்தும் சேர்ந்தே பிழைவிடுவதும் உண்டு, பூச்சியம் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்.)

என் முன்மொழிவு: எழுமாற்று நிச்சயமின்மை, தரவுக்குறை நிச்சயமின்மை.

— — —

உங்கள் முன்மொழிவுக்கு என் பதில்: ‘எழுமாற்று’ நல்லது. பாடசாலையில் ‘எழுமாற்றுப் பரிசோதனை’ படித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். தமிழ்நாட்டு வாசகருக்காகப் பக்கத்தில் ‘சமவாய்ப்பு’ என்று குறித்தால் போதும். அலியடோரிக்குக்கு முன்பு வந்த பரிந்துரையான ‘இயல்பு நிச்சயமின்மை’யை விட இது மேல். ‘ர’வுக்கு முன்னால் உள்ள எழுத்தையும் சேர்த்து உள்ளிட்டால் அந்த 1 பிட் பெரும்பாலும் கரைந்துவிடும். இயல்பு என்றால் எப்படிக் கரையும்?

‘தரவுக்குறை’தான் இடிக்கிறது. மாதிரியுருவின் கட்டமைப்பே பொருந்தாவிட்டால் தரவு எவ்வளவு இருந்தும் பிழைக்கும். ‘அறியாமைசார் நிச்சயமின்மை’ என்றால் இரண்டையும் தாங்கும்.

இன்னொன்று: கான்ஃபிடன்ஸ் ஸ்கோருக்கு (மாதிரியுரு தன் விடைக்குத் தரும் 0.97 போன்ற புள்ளி) ‘நம்பகத்தன்மை’ வேண்டாம். 0.97 என்று சொன்னவற்றில் நூற்றுக்குச் சுமார் 97 சரியாக வந்தால்தான் அது நம்பத்தக்கது. அதைச் சரிசெய்வதற்கு ‘அளவுகோடிடல்’ (கலிபிரேஷன்) இருக்கிறது. 2017இல் பரவலான வெப்பநிலை முறை (டெம்பரேச்சர் ஸ்கேலிங்), நிகழ்தகவாக மாற்றுமுன் எல்லாப் புள்ளிகளையும் ஒரேயோர் எண்ணால் வகுக்கிறது. முதலிடத்து விடை மாறாது. கயன்னவுக்குச் சொன்ன பிழையான எழுத்து அப்படியே நிற்கும், புள்ளி மட்டும் இறங்கும். ஆகவே வெறும் ‘தீர்மானப் புள்ளி’ என்று போடுவோம்.