ஆறரை வயது மகள், வயலின், தினமும் அழுகை: நிறுத்திவிடலாமா?

நங்கநல்லூர் அம்மா:
வணக்கம். மகளுக்கு ஆறரை வயது. விஜயதசமி அன்று வயலின் வகுப்பில் சேர்த்தோம், ஏழு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் வகுப்பு, கூட எட்டுக் குழந்தைகள். இன்னும் ஆரம்பப் பாடமான சரளி வரிசையில்தான் நிற்கிறாள்.

வீட்டில்தான் கஷ்டம். மாலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தாலே முகம் சுருங்கிவிடுகிறது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் 'ரி'யும் 'க'வும் சேரவில்லை என்று காதுக்குத் தெரிகிறது. சொன்னால் அழுகிறாள். நேற்று வில்லைக் கீழே வைத்துவிட்டு, "விரல் எட்டலைம்மா" என்றாள். சாக்கு என்று நினைத்துத் திட்டிவிட்டேன். ராத்திரி தூங்கும்போது கையைப் பிடித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் தந்தி அழுந்திய கோடு அப்படியே இருந்தது. மனசு கேட்கவில்லை.

வயலின் முக்கால் சைஸ். "வளர்ற குழந்தை, நாலு வருஷத்துக்கு மாத்த வேண்டாம்" என்று கடையில் சொன்னார்கள்.

ஸ்ரீரங்கம் டீச்சர்:
அம்மா, உங்க பொண்ணு சாக்கு சொல்லலை. விரல் நிஜமாவே எட்டலை.

ஆறரை வயசுக்குப் பெரும்பாலும் கால் சைஸ்தான். பேரைக் கேட்டு ரொம்பக் குட்டின்னு நினைக்காதீங்க. பெரியவங்க வயலினோட உடல் 14 அங்குலம்னா கால் சைஸுக்குச் சுமார் 11 அங்குலம் இருக்கும். வயலினை அவ இடது தோள்ல வெச்சு, கையை நேரா நீட்டச் சொல்லுங்க. நுனிச் சுருள் உள்ளங்கையில வரணும், விரல் அதைச் சுத்தி மடங்கணும். விரல் நுனியைத் தாண்டிப் போச்சுன்னா அந்த வயலின் அவளுக்கு இல்லை.

சரளி வாசிக்கிற மாயாமாளவகௌளை ராகத்துல 'ரி' 'ஸ'வை ஒட்டி உக்காரும், 'க' 'ம'வை ஒட்டி உக்காரும். ரெண்டுக்கும் நடுவுல அகலமான இடைவெளி. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல அதை விரிக்கணும், பெரியவங்களுக்கே முதல்ல இழுக்கும். முக்கால் சைஸ்ல இந்தக் குழந்தை கை எவ்வளவு பாடுபட்டிருக்கும்! அதே ராகத்துல ஒரு பெரிய வசதியும் உண்டு. ஸ ரி க ம-வுக்கு விரல் எங்கெங்க விழுதோ, அடுத்த தந்தியில ப த நி ஸ-வுக்கும் அதே இடம்தான். ஒரு தந்தியில கை படிஞ்சுட்டா கீழ் ஸ-லேருந்து மேல் ஸ வரைக்கும், ஸ்தாயி முழுக்க வந்துடும். அதனால ஏழு மாசத்துல சரளியிலேயே நிக்கறாளேன்னு கவலைப்படாதீங்க.

சுருதியையும் டீச்சர்கிட்ட கேளுங்க. சின்ன வயலின்ல ரெண்டு கட்டைன்னு தாழ்ந்த சுருதி வெச்சா தந்தி தொளதொளன்னு ஆயிடும், நாதமே வராது. நான் குழந்தைகளுக்கு அதைவிட உசந்த அஞ்சு கட்டை பக்கமா வெப்பேன். வாசிக்கிறதைப் பாடவும் அவங்க குரலுக்கு அதுதான் சுகம்.

வீட்ல நீங்க ரெண்டாவது டீச்சர் ஆக வேண்டாம், அவளோட கூட உக்காருங்க. ஜமக்காளம் விரிங்க, சுருள் வலது காலோட கணுக்கால்ல வழுக்காம நிக்குதான்னு பாருங்க, சுருதிப் பெட்டியைப் போடுங்க. முதல் மூணு நிமிஷம் விரலே வேண்டாம், வெறும் தந்தியில நீள வில். நீங்க ஆதி தாளம் போடுங்க, ஒரு வில்லுக்கு நாலு எண்ணிக்கை. அப்புறம் ஒரே ஒரு வரிசை. அதை முதல்ல ரெண்டு பேரும் பாடுங்க, பிறகு அவ வாசிக்கட்டும். மொத்தம் பத்து நிமிஷம் போதும். ஜப்பான்ல ஷினிச்சி சுசுகி வளர்த்தெடுத்த முறையில, அம்மாவோ அப்பாவோதான் முதல்ல கொஞ்சம் வாசிக்கக் கத்துக்கணும், குழந்தை அதைப் பார்த்து ஆசைப்படும். நம்ம பாடத்துக்கும் அது பொருந்தும்னு நான் நம்பறேன்.

நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். வகுப்பு முடிஞ்சு அம்மாக்கள் வாசல்ல நிக்கும்போது, குழந்தை எதிர்லயே "வீட்ல சாதகமே இல்லை"ன்னு சொல்வேன். ஒரு பையன் அதுக்கப்புறம் என் முகத்தையே பார்க்கலை. தந்தியை முறுக்கற பிரடையைப் பார்த்துக்கிட்டே ஒரு மாசம் வாசிச்சான். இப்போ குறை ஏதாவது இருந்தா ராத்திரி போன்லதான் பேசறேன், அதுவும் பெத்தவங்ககிட்ட மட்டும்.

கும்பகோணம் அப்பா:
டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க பையனுக்கு நேரத்தை மாத்தினதுதான் கைகொடுத்தது. ஸ்கூல், ஹோம்வொர்க் எல்லாம் முடிஞ்சு ஏழு மணிக்கு அவன்கிட்ட தெம்பே இருக்காது. காலையில பால் குடிச்சதும் பத்து நிமிஷம்னு மாத்தினோம், அழுகை நின்னுது. விரல் விழற இடத்துல மெல்லிசா டேப்பும் ஒட்டினோம், நல்லா உதவிச்சு.

ஸ்ரீரங்கம் டீச்சர்:
டேப் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு சார். 'ரி'க்கு மட்டும் ஒண்ணு ஒட்டலாம், சரளிக்கு அப்புறம் வர்ற ஜண்டை வரிசைக்கு முன்னாடி எடுத்துடணும். கண்ணு டேப்புக்குப் போயிட்டா காது கேக்கறதை விட்டுடும். நாளைக்கு ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிற கமகம் வரும்போது விரல் ஒரே இடத்துல நிக்காது, அப்போ அந்தக் கோடு என்ன வழி காட்டும்?

நங்கநல்லூர் அம்மா:
அளந்து பார்த்தேன். சுருள் அவள் விரல் நுனியைத் தாண்டி வெளியே நின்றது. மகளிடம் "நீ சொன்னது சரிதான், அம்மாதான் புரிஞ்சுக்கலை" என்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கூடப் படிக்கும் குழந்தையின் அக்கா வாசித்த கால் சைஸ் கிடைத்தது. இன்று காலை நான் தாளம் போட்டேன். முதல் நாலு எண்ணிக்கையான லகு வரைக்கும் சரியாக வந்து, அடுத்து வரும் திருதத்தில் தடுமாறிவிட்டேன். வில்லை நிறுத்திவிட்டு, "தட்டி வீசணும்மா, ரெண்டு தடவை" என்று என் கையைத் திருப்பிக் காட்டினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஒரு சந்தேகம். முக்கால் சைஸை எடுத்து வைக்கும்போது தந்தியை முழுக்கத் தளர்த்திவிடலாமா?

ஸ்ரீரங்கம் டீச்சர்:
முழுக்க வேண்டாம், லேசாத் தளர்த்தினா போதும். எல்லாத் தந்தியும் தொய்ஞ்சுட்டா தந்தியைத் தாங்கற குதிரை சாயும், உள்ளே நிக்கிற குச்சியும் விழுந்துடும். வில்லோட முடியை மட்டும் நல்லாத் தளர்த்தி வைங்க. மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க.