புதுப்பிப்பு: சில்வர்ப்ளூ பதிப்பு மாற்றம் முடிந்தது

ஃபெடோரா சில்வர்ப்ளூ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு ரீபேஸ் செய்யும்போது (அதாவது மாற்றும்போது), அடிப்படை இமேஜ் (இயங்குதளத்தின் மூலத் தொகுப்பு) முழுதாக இறங்கிய பிறகு சார்புச் சிக்கல் (மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமை) என்று சொல்லி நின்றுவிடுகிறது என முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

காரணம், அந்த இமேஜுக்கு மேலே நான் கூடுதலாக அடுக்கியிருந்த ஒரே ஒரு பேக்கேஜ் (மென்பொருள் பொதி). இமேஜையும் அடுக்குகளையும் நிர்வகிக்கும் கருவியான ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீயில் ஸ்டேட்டஸ் கட்டளையின் வெளியீட்டில் 'லேயர்டு பேக்கேஜஸ்' வரிக்குக் கீழே 'லோக்கல் பேக்கேஜஸ்' என்று தனி வரி ஒன்று இருக்கிறது. அதை நான் கவனிக்கவே இல்லை! கோப்பாக இறக்கி நிறுவியவை அங்கேதான் வரும்; அவை தாமாகப் புதிய பதிப்புக்கு மாறுவதில்லை. என்னுடையது பழைய பதிப்புக்கான களஞ்சிய அமைப்புப் பேக்கேஜ்; மென்பொருள்களை எங்கிருந்து இறக்க வேண்டும் என்று சொல்வது அது. அதை நீக்கியதும் சார்புச் சிக்கல் மறைந்தது.

உடனே அடுத்த முட்டுக்கட்டை: கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகிர்வில் இடமில்லை. எப்போதோ பாதுகாப்புக்காக 'பின்' (pin) செய்து, அதாவது தானாக நீங்காதபடி பூட்டி வைத்த பழைய டிப்ளாய்மென்ட் (நிறுவப்பட்ட முந்தைய பதிப்பு), தன் கெர்னலையும் (இயங்குதளத்தின் மையக்கரு) இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (தொடக்கத்தில் பயன்படும் கோப்புத் தொகுப்பு) அங்கேயே பிடித்து வைத்திருந்தது. அந்தப் பூட்டை எடுத்து, பழைய டிப்ளாய்மென்டைத் துடைத்த பிறகு ரீபேஸ் ஒரே மூச்சில் ஓடியது.

இத்தனை முறை தோற்றும் ஓடிக்கொண்டிருந்த கணினிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இந்த வடிவமைப்பை நான் நேசிப்பதே இதற்காகத்தான். ஆனால் ரோல்பேக் செய்தாலும் (முந்தைய பதிப்புக்குத் திரும்பினாலும்) மாறும் தரவுகள் இருக்கும் வார் (/var) அடைவு பழைய நிலைக்குத் திரும்பாது. நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவும் அதற்குள்தான் இருக்கிறது. காப்புப் பிரதியை முதலில் எடுத்துவிடுங்கள்.

முந்தைய பதிவைப் பார்த்து, எல்லா அடுக்குகளையும் ரீசெட் செய்யச் (மொத்தமாக நீக்கச்) சொன்ன நண்பருக்கு: அதுவும் பலித்திருக்கும். எந்தப் பேக்கேஜ் தடுக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பியதால்தான் அதைச் செய்யவில்லை.