யாங்கூனுக்குப் போகிறீர்களா? டாலரை மடிக்காதீர்கள்

சிங்கப்பூர் வந்த ஆறே மாதத்தில் நம்மில் பலருக்குக் கையில் காசு வைத்துக்கொள்ளும் பழக்கமே போய்விடுகிறது. கோப்பிக்கடையில் கூடப் போனிலேயே காசு அனுப்பும் பேநவ்தான். அதே பழக்கத்தோடு, மூன்று மணி நேரம் பறந்தால் வந்துவிடுகிற மியான்மரின் யாங்கூனில் போய் இறங்கினால் கை பிசைய வேண்டியதுதான். அங்கே பேநவ் கிடையாது. வெளிநாட்டுக் கார்டை ஏற்கும் ஏடிஎம் கண்ணில் படலாம், ஆனால் அதை நம்பிப் பயணம் கிளம்ப முடியாது. தங்கும் நாட்களுக்கான மொத்தச் செலவையும், அவசரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவும், அமெரிக்க டாலராகக் கையில் கொண்டுபோங்கள்.

எந்த டாலர் என்பதில்தான் வம்பே. மடிப்பு, கறை, பேனாக்கோடு, முத்திரை, ஓரத்தில் துளிக் கிழிசல் எதுவும் இருக்கக்கூடாது. என் 100 டாலர் நோட்டு ஒன்றின் மூலையில் கடுகளவு நீல மை. ஹோட்டல் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே திருப்பித் தந்துவிட்டார். மொத்தப் பயணத்திலும் அது செல்லவே இல்லை. அதனால் இங்கே சிங்கப்பூரில் முஸ்தபாவிலோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலோ மாற்றும்போதே புது நோட்டு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பர்ஸில் திணிக்காமல் கெட்டி அட்டைக்குள் வைத்து எடுத்துப்போங்கள். 100 டாலர் நோட்டுக்குத்தான் நல்ல விலை தருவார்கள். அங்கே மத்திய வங்கி வைத்த விலை 2022 ஆகஸ்டிலிருந்து டாலருக்கு 2,100 சாட் (மியான்மர் பணம்), சந்தையில் அதைவிட அதிகம். தெருவில் யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். உரிமம் உள்ள கவுண்டர் போதும். மாற்றுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மிச்சமாகும் சாட் நோட்டுகளை இங்கே கொண்டுவந்தால் வாங்க ஆள் தேட வேண்டும்.

அப்புறம் இணையம். 2021 பிப்ரவரி ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு முதலில் ஃபேஸ்புக்கை முடக்கினார்கள். 2024 மே கடைசியில், முடக்கிய தளங்களைச் சுற்றுவழியில் திறக்க உதவும் விபிஎன் செயலிகளையும் தடுக்கத் தொடங்கினார்கள். தெருவில் நிறுத்திப் போனைச் சோதிப்பதும் உண்டு. “விபிஎன் போட்டுக்கோ தம்பி, ஒன்றும் ஆகாது” என்று இங்கே உட்கார்ந்து சொல்பவர் அங்கே உங்களுக்காக வந்து நிற்க மாட்டார். கிளம்பும் முன்பே அதைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசியல் மீம், ஃபார்வர்ட் எல்லாவற்றையும் கூடத்தான். ஊரில் அம்மாவிடம், “வாட்ஸ்அப்பில் நான் ஆன்லைனில் தெரியாவிட்டால் பயப்படாதீர்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை சாதாரண போனில் கூப்பிடுகிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் இதைச் சொல்ல மறந்து போனேன். திரும்பி வந்ததும் வாங்கிய திட்டு தனிக் கதை.

டிக்கெட், விசா, ஹோட்டல் முகவரி எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். முகவரி பர்மிய எழுத்திலும் இருந்தால் டாக்ஸிக்கு நல்லது. வரைபடத்தை இங்கேயே இறக்கிவையுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் யாங்கூன் மெர்ச்சன்ட் தெருவிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணைக் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டில் போன் செத்துப்போனால் அந்தக் காகிதம்தான் துணை.

வாடகை, கார்டு பில், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். வங்கிச் செயலியை அங்கே திறக்கவே தேவைப்படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. வேலை அனுமதியில் இருந்தாலும் சிங்கப்பூர் திரும்பி வரும்போது எஸ்ஜி வருகை அட்டை என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை அனுப்ப முடியும். வெள்ளி போய் ஞாயிறு திரும்புகிறவர்கள் சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறும் முன்பே முடித்துவிடலாம். நீண்ட பயணம் என்றால் அங்கே ஹோட்டல் வைஃபை ஒழுங்காக வருகிற நேரம் பார்த்து முதல் வேலையாக அதை அனுப்பிவிடுங்கள்.