பிரான்ஸ் கிராமப்புறத்தில் வாடகைக் கார்: "400 கி.மீ.க்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது" என்கிறது, உதவி தேவை

பயணப்பை (சனி, மாலை 6.40)

வணக்கம். நானும் கணவரும் கோவையிலிருந்து வந்து, துலூஸில் வாடகைக்கு எடுத்த டீசல் காரில் தென்மேற்குப் பிரான்சைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். சர்லா, ரொக்கமதூர் முடிந்து இப்போது ஃபிஜாக்கில் தங்கியிருக்கிறோம். நாளை ஞாயிறு ஓரியாக் வழியாகச் சலேர்ஸ், திங்கள் புய் மரி மலைப்பாதை, அப்புறம் கோங்க் பார்த்துவிட்டுத் துலூஸில் காரை ஒப்படைப்பதாகத் திட்டம்.

இன்று பிற்பகல் ரொக்கமதூரில் காரை எடுத்தபோது மணி அடித்து, ஆரஞ்சு விளக்கு எரிந்து, திரையில் பிரெஞ்சில் ஒரு வாசகம் வந்தது. போனில் மொழிபெயர்த்தால் ‘ஆட்ப்ளூ நிரப்பவும், 450 கி.மீ.க்குப் பிறகு ஸ்டார்ட் செய்ய இயலாது’ என்கிறது. இப்போது 400-க்கு வந்துவிட்டது. மீதிப் பாதையைக் கூட்டிப் பார்த்தால் 400-ஐத் தாண்டுகிறது. இவர் ‘ஒன்றும் ஆகாது, சும்மா பயமுறுத்தும்’ என்கிறார். எனக்கோ மலையில் மாடுகளுக்கு நடுவே ராத்திரி நிற்கப் போகிறோம் என்று தோன்றுகிறது. வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணில் பாட்டுதான் கேட்கிறது.

போதாக்குறைக்கு, ஊருக்கு வெளியே ஆளில்லாத பம்பில் டீசல் போடப் போனால், ஃபாரெக்ஸ் கார்டு, கிரெடிட் கார்டு இரண்டையும் மெஷின் திருப்பித் தள்ளிவிட்டது. டேங்கில் கால்வாசி இருக்கிறது.

இந்த ஆட்ப்ளூவை நாங்களே ஊற்றலாமா? ஞாயிற்றுக்கிழமை எங்கே கிடைக்கும்? செலவு யாருடையது?


துலூஸ்வாசி (சனி, 7.05)

முதலில் இரவு நிம்மதியாகத் தூங்குங்கள். கார் கெட்டுப்போகவில்லை, ஒரு திரவம் தீர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வேறு ஏதாவது விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். குறிப்பாக மஞ்சள் நிற எஞ்சின் படம்.

நேரம்தான் முக்கியம். இங்கே கிராமப்புறத்தில் ஞாயிறு காலை சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும், பெரும்பாலும் பன்னிரண்டரை மணியோடு கதவை மூடிவிடுவார்கள். அதை விட்டால் திங்கள்தான், திங்களன்றும் சின்ன ஊர்களில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். நாளைக் காலை ஃபிஜாக்கின் வெளிவட்டத்தில் ஏதாவது பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போங்கள். கார் சாமான்கள் வைத்திருக்கும் வரிசையில் 5 அல்லது 10 லிட்டர் கேனாக இருக்கும். அங்கே இல்லாவிட்டால் ஓரியாக் கொஞ்சம் பெரிய ஊர், அதுவும் உங்கள் வழிதான். சலேர்ஸ் போய்த் தேடலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அது கல் வீடுகளும் பாலாடைக்கட்டியும் உள்ள அழகான ஊர், உங்களுக்கு வேண்டியது அங்கே கிடைக்காது.


சும்மா ஒருவன் (சனி, 7.20)

வாடகைக் கார்தானே, எதற்குச் செலவு? கோங்கைத் தவிர்த்துவிட்டு நேராகத் துலூஸ் போய்ச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்து எடுப்பவர் பாடு.


டீசல் மண்டை (சனி, 7.48)

உங்களுக்கு முன்னால் அந்தக் காரை எடுத்தவரும் இதைத்தான் நினைத்திருப்பார். அடுத்து எடுத்தவர்கள் நீங்கள்!

நான் ஜெர்மனியில் ஒரு கார்ப் பணிமனையில் வேலை செய்கிறேன். ஐரோப்பிய விதிப்படி, திரவம் முழுதாகத் தீர்வதற்குக் குறைந்தது 2,400 கி.மீ. முன்பே கார் எச்சரிக்கத் தொடங்க வேண்டும். 450-இல்தான் முதல்முறை பார்த்தீர்கள் என்றால், முந்தைய எச்சரிக்கைகளை யாரோ பட்டனை அழுத்தி மறைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் மொழி புரியாமல் நீங்களே கடந்து வந்திருப்பீர்கள்.

ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியா, மீதி அயனி நீக்கிய நீர். நம் ஊரில் பி.எஸ்.6 மாசு விதிப்படி வரும் லாரிகளிலும் சில டீசல் எஸ்யூவிகளிலும் ஊற்றும் டி.இ.எஃப். என்ற திரவமும் இதேதான். புகைக்குழாயில் தெளிக்கப்பட்டதும் சூட்டில் அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக ஆக்கிவிடும். அது இல்லாமல் கார் ஓடினால் மாசு விதியை மீறியதாகும். அதனால்தான் சைபருக்கு வந்தபின் எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் அணைக்காது. ஆனால் சைபர் ஆனபிறகு காபி குடிக்க நிறுத்தினீர்கள் என்றால் அங்கேயேதான். ஆகவே உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி.

நீங்களே ஊற்றலாம். ஆனால் எங்கே ஊற்றுகிறீர்கள் என்பதில் மட்டும் கண்ணாக இருங்கள். பல கார்களில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி ஒன்று இருக்கும். சில பழைய மாடல்களில் டிக்கியில் தரைவிரிப்புக்குக் கீழே. இதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போய்விடும், எந்தக் காப்பீடும் சுலபமாக ஏற்காது. டீசல் குழாய் பருமனானது, நீல மூடித் துவாரத்தில் நுழையாது. ஆனால் ஆட்ப்ளூ குழாய் மெல்லியது, டீசல் துவாரத்தில் தாராளமாக நுழையும். தப்பித் தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, அப்படியே விட்டுவிட்டு வண்டியை இழுத்துப்போக ஆளைக் கூப்பிட வேண்டும்.

குறைந்தது 5 லிட்டர் ஊற்றுங்கள், முடிந்தால் 10. ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி ஊற்றினால் பல கார்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டா. லாரி பம்பில் நேரடியாகப் பிடிக்க வேண்டாம், பாய்ச்சல் அதிகம், வெளியே கொட்டும். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.


விவசாயி பேரன் (சனி, 8.10)

யூரியாவும் தண்ணீரும்தான் என்றால் உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றக் கூடாதா? அங்கே சுற்றிலும் விவசாய பூமிதானே.


டீசல் மண்டை (சனி, 8.16)

ஐயா, வேண்டவே வேண்டாம். வயலுக்குப் போடும் யூரியாவில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்களும், சாதாரணத் தண்ணீரில் கால்சியமும் இருக்கும். தெளிப்பானை அடைத்து, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். கேனின் மேல் ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிராண்டு எதுவானாலும் பரவாயில்லை.


பயணப்பை (சனி, 8.30)

எஞ்சின் படம் எரியவில்லை. ஆட்ப்ளூ விளக்கு மட்டும்தான். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டோம். ரொம்ப நன்றி. கார்டு விஷயம் யாருக்காவது தெரியுமா?


கார்டு கணக்கு (சனி, 8.52)

ஆளில்லாத பம்ப் உங்களுக்கு எவ்வளவு டீசல் வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாமல் 100, 150 யூரோ அளவில் ஒரு தொகையை முதலில் பிடித்து வைக்கும், போட்டு முடித்ததும் உண்மையான தொகையைத்தான் எடுக்கும். ஃபாரெக்ஸ் கார்டில் அந்த அளவு யூரோ மிச்சம் இல்லையென்றால் அங்கேயே நிராகரிப்பு. தொகை இருந்தாலும் ப்ரீபெய்டு கார்டு என்பதாலேயே சில மெஷின்கள் ஏற்காது. ஏற்றுப் பிடித்துவைத்தால் விடுவிக்கச் சில நாளாகலாம், அதனால் ஃபாரெக்ஸ் கார்டைப் பம்பில் காட்டாதீர்கள்.

கிரெடிட் கார்டுக்கு வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்க வேண்டும். அதிலும் கடை மெஷின், ஆன்லைன், தொட்டுச் செலுத்துவது எல்லாம் தனித்தனி ஸ்விட்ச். ஒருநாள் வரம்பும் தனி. பின் எண் கட்டாயம் கேட்கும், ஓடிபி கதையெல்லாம் பம்பில் நடக்காது.

அப்படியும் தள்ளினால், பகலில் ஆள் உட்கார்ந்திருக்கும் பம்புக்குப் போய், போட்டபின் கவுன்டரில் கொடுங்கள். மலைக்கு ஏறும்முன் ஓரியாக்கில் டேங்கை நிரப்பிவிடுங்கள். குழாயின் கைப்பிடி நிறத்தை நம்ப வேண்டாம். வட்டத்துக்குள் ‘ஈ’ (E) என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் ‘பி’ (B) என்றால் டீசல். ‘கஸோல்’ என்று எழுதியிருப்பதும் டீசல்தான். கஸோலின் என்று நினைத்துத் தயங்கி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.


லா ஷப்பல் அக்கா (சனி, 9.30)

தங்கச்சி, நான் பாரிசில் இருக்கிறேன், வருஷா வருஷம் கோடையில் அந்தப் பக்கம் போவோம். செலவைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே. வாடகை ஒப்பந்தத்தில் ஆட்ப்ளூ யார் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும், போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். வாடகைக்கு எடுத்தவரே நிரப்ப வேண்டும் என்றுதான் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இருந்தாலும் எடுத்த அன்றே குறைவாக இருந்ததென்றால் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. எச்சரிக்கைத் திரையை கிலோமீட்டர் மீட்டரோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஊற்றுவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ரசீதைத் தொலைக்காதீர்கள். நீங்களாகப் பணிமனையில் விட்டுப் பெரிய பில் போட்டால்தான் சண்டை வரும், ஒரு கேனுக்கு யாரும் பெரிதாகச் சண்டை பிடிப்பதில்லை.

கடையில் நுழையும்போது ‘பொன்ஜூர்’ சொல்லிவிட்டுக் கேளுங்கள். நேராக ‘ஆட்ப்ளூ?’ என்று ஆரம்பித்தால் முகம் மாறிவிடும்.


பயணப்பை (ஞாயிறு, பகல் 11.50)

கிடைத்துவிட்டது! பத்து லிட்டர் கேன், கூடவே நெளியும் குழாய் ஒன்றும் கொடுத்தார்கள். இவர் ஊற்ற, நான் நீல மூடியை விரலால் காட்டிக்கொண்டே நின்றேன். முழுக் கேனும் உள்ளே போய்விட்டது. ஆனால் ஸ்டார்ட் செய்ததும் பழைய வாசகமே வருகிறது, இப்போது 375 கி.மீ. என்று. கடை மூடப் போகிறது, இன்னொரு கேன் வாங்கவா?


டீசல் மண்டை (ஞாயிறு, 11.58)

வேண்டாம். காரைச் சமதளத்தில் நிறுத்தி அணையுங்கள். கதவைப் பூட்டி ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், அதாவது பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி, திரை மட்டும் எரியும்படி அரை நிமிடம் வையுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து கிளம்புங்கள். சில கார்கள் ஓடும்போதுதான் அளவைக் கணக்கிடும், பத்து இருபது கிலோமீட்டர் ஆகலாம். ஓரியாக் போகும்வரை மாறவில்லை என்றால் மட்டும் எழுதுங்கள்.


பயணப்பை (ஞாயிறு, மாலை 4.15)

ஃபிஜாக்கை விட்டு மேடேறிக்கொண்டிருந்தபோதே விளக்கு அணைந்துவிட்டது. மெனுவில் பார்த்தால் ஆட்ப்ளூ இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு வரும் என்று காட்டுகிறது. கிரெடிட் கார்டில் தொட்டுச் செலுத்துவது மட்டும்தான் இயக்கத்தில் இருந்தது, கடை மெஷின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. ஓரியாக்கில் டேங்கை நிரப்பிவிட்டோம். அக்கா சொன்னபடி மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று.

இப்போது சலேர்ஸில். சிவப்பு மாடுகள், கொம்பு யாழ் மாதிரி வளைந்திருக்கிறது. நாங்கள் சைவம், இரவு என்ன சாப்பிடலாம்? நாளைய மலைப்பாதை இவருக்கு ஓட்டக் கஷ்டமாக இருக்குமா?


துலூஸ்வாசி (ஞாயிறு, 5.02)

சாப்பாட்டுக்கு ‘அலிகோ’ கேளுங்கள். உருளைக்கிழங்கும் புதுப் பாலாடைக்கட்டியும் பூண்டும் சேர்த்து இழுத்து இழுத்துக் கிண்டுவது. பெரும்பாலும் சாசேஜோடு கொண்டுவந்து வைப்பார்கள், தனியாகத் தரச் சொல்லுங்கள். ‘ட்ரூஃபாத்’ என்பதும் உருளையும் பாலாடைக்கட்டியும்தான், ஆனால் பன்றிக்கொழுப்போ பன்றி இறைச்சித் துண்டோ அதில் அடிக்கடி இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள். சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் இருப்பதைப் பார்ப்பவர் என்றால் இரண்டுமே வேண்டாம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முடிந்துவிடும், நாளைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புய் மரிக்குப் போகும் பா த பெய்ரோல் கணவாய், மத்திய மலைத்தொகுதியிலேயே உயரமான சாலைக் கணவாய், சுமார் 1,590 மீட்டர். குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், இப்போது திறந்திருக்கிறது. சாலை குறுகல்தான், ஊட்டி மலைப்பாதையில் ஓட்டியவருக்குப் புதிதில்லை. வேறுபாடு, நாம் வலப்பக்கம் ஓடுகிறோம் என்பதால் வளைவில் காரின் இடமூலை நடுக்கோட்டைத் தாண்டிப் போகும், கொஞ்சம் வெளியே பார்த்துத் திருப்பச் சொல்லுங்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் இரண்டாம் கியர். சைக்கிள்காரர்கள் நிறைய வருவார்கள், தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும். காலை ஒன்பதுக்கு முன் ஏறினால் மேலே வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்.

கிராமச் சாலைகளில் பொதுவாக 80 கி.மீ. வேகம், சில மாவட்டங்கள் திரும்ப 90 ஆக்கியிருக்கின்றன. பலகையைப் பாருங்கள். பலகையே இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து டிராக்டரில் வந்தாலும்.


பயணப்பை (வியாழன், இரவு 9.10)

காரை ஒப்படைத்துவிட்டோம். படத்தையும் ரசீதையும் காட்டியதும், கவுன்டரில் இருந்த பெண் மேலாளரிடம் கேட்டு, கேனின் விலையைக் கழித்துக்கொண்டார். குழாய்க்குக் கிடையாதாம்.


புதுசு (சனி, காலை 10.30)

பழைய இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். போர்ச்சுகலில் இருக்கிறோம், எங்களுக்கும் இதே வாசகம். ஆனால் எஞ்சின் படமும் சேர்ந்து எரிகிறது. ஒரு கேன் ஊற்றியும் எண் குறைந்துகொண்டே போகிறது.


டீசல் மண்டை (சனி, 10.44)

உங்களுடையது வேறு கதை. தெளிப்பான், பம்ப், சென்சார் இவற்றில் ஏதோ ஒன்று பழுது, எத்தனை கேன் ஊற்றினாலும் போகாது. இனி ஊற்ற வேண்டாம். இப்போதே வாடகை நிறுவனத்துக்கு எழுதி மாற்றுக் கார் கேளுங்கள், எண் சைபரை எட்டும்வரை காத்திருக்காதீர்கள். எவ்வளவு காட்டுகிறது?