ஒரே திடல், நாலு தரப்பு: யாரிடம் போவது?

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற டவுன். ரப்பர் எஸ்டேட்டைத் துண்டாடித் தாமான் (குடியிருப்பு) எழுப்பிய பிறகு மிஞ்சியது ஒரே திடல். சாயங்காலம் பையன்கள் பந்து விளையாடும் நேரத்தில்தான் பெரியவர்களும் நடக்க வருகிறார்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) லாரிகள் கோல் கம்பம் வரை ஏறுகின்றன. திருவிழாக் கூடாரம் பிரித்த பிறகு மழை பெய்தால் வெறும் சேறு.

நேர அட்டவணை ஒட்டினோம், கிழித்துவிட்டார்கள். ருக்குன் தெதாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்) கூட்டம் சண்டையில் முடிந்தது. நகராண்மைக் கழகம் நில அலுவலகத்தைக் கைகாட்டுகிறது, அவர்கள் இவர்களை. வேலி போடச் சொல்கிறார்கள் சிலர். சாவி யார் கைக்குப் போகும் என்று தெரியாதா!

தேசிய நிலச் சட்டம், பிரிவு 62-இன்படி பொதுத் தேவைக்கென அரசிதழில் ஒதுக்கிய நிலத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் உண்டு. எங்கள் திடல் அப்படி ஒதுக்கப்பட்டதா என்று எங்கே, எந்த ஆவணத்தைக் கேட்டுப் பார்ப்பது?