நெதர்டன் சிண்ட்ரோம்: குழந்தைக்கு டுபிலுமாப் அல்லது செகுகினுமாப் ஊசி போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் குடியாத்தம். மகளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே உடம்பெல்லாம் சிவந்து தோல் உரியும். காலையில் பாயை உதறினால் தவிடு மாதிரி கொட்டும். முடி வளரவே வளராது, ஒடிந்துவிடும். வேலூரில் ஒரு டாக்டர் லென்ஸ் வைத்துக் காட்டினார்: மூங்கில் கணு மாதிரியே இருந்தது. அப்புறம்தான் மரபணு சோதனை. ஸ்பிங்க்5 என்ற மரபணுவில் கோளாறு, எங்கள் இருவரிடமிருந்தும் வந்தது. நெதர்டன் சிண்ட்ரோம் என்ற பரம்பரைத் தோல் நோய் இதுதான் என்றார்கள். (நான் கட்டியிருப்பது மாமன் மகனைத்தான்.)

முன்பு வேறொரு டாக்டர் டாக்ரோலிமஸ் என்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் களிம்பு எழுதிக் கொடுத்தார். இந்தத் தோலில் அது ரத்தத்துக்குள் அதிகமாக இறங்கிவிடுமாம். யாரும் சொல்லவில்லை, நாங்களும் மாதக்கணக்கில் தடவியிருக்கிறோம்.

இப்போது டாக்டர் இரண்டு ஊசிகளைச் சொல்கிறார். டுபிலுமாப் ஊசி, உடம்பில் அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-4, ஐ.எல்.-13 என்ற இரண்டு புரதங்களின் வேலையையும் தடுக்கும்; செகுகினுமாப் ஊசி, அதே மாதிரியான ஐ.எல்.-17 புரதத்தைத் தடுக்கும். இரண்டுமே வேறு தோல் நோய்களுக்கு வந்தவை. மரபணுவைச் சரிசெய்யாது, அழற்சியைத்தான் அடக்கும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்.

போட்டவர்கள் சொல்லுங்கள்: அரிப்பு குறைந்து பிள்ளை ராத்திரி தூங்கியதா? டுபிலுமாபில் கண் சிவக்குமாமே, எப்படிச் சமாளித்தீர்கள்? முதல்வர் காப்பீட்டில் யாருக்காவது கிடைத்ததா? ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் பஸ்ஸில் எப்படிக் கொண்டுவந்தீர்கள்?

எண்ணெய், பத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று, அவை வேண்டாம்.